வாடகை பாக்கி விழுந்தால் வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

திருச்சியில் எங்கள் அம்மா மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறார். அப்பா போன பிறகு மருந்துக்கும் மளிகைக்கும் அந்த வாடகைதான். 2020-ல் அங்கே குடியிருந்தவர் ஒரு கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். படியிறங்கும்போதெல்லாம் "அம்மா, மாத்திரை ஏதும் வாங்கிட்டு வரணுமா?" என்று கேட்பார். கொரோனாவில் கல்லூரிகள் மூடின, கடையும் படுத்துவிட்டது. வாடகை முதலில் பத்தாம் தேதிக்குத் தள்ளிப்போனது. பிறகு இருபதாம் தேதி, அப்புறம் அடுத்த மாதம். "மாத்திரை வாங்கிக் கொடுக்கிறவர்கிட்ட எப்படிடி வாடகை கேட்கிறது?" என்று அம்மா என்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டார். எனக்குத் தெரிந்தபோது ஐந்து மாதப் பாக்கி ஏறியிருந்தது. அட்வான்ஸாக வாங்கியிருந்தது மூன்று மாத வாடகை. எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

அப்போது வக்கீல்களிடம் கேட்டும் சட்டத்தைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, முதல்முறையாக வீட்டை வாடகைக்கு விடுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்கானது. மற்ற மாநிலங்களில் வாடகைச் சட்டம் வேறு.

உரிமை வேறு, சுவாதீனம் வேறு

இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, வீட்டு வரி நீங்கள் கட்டுகிறீர்கள், ஆகவே வீடு உங்களுடையது. அது உரிமை. ஆனால் ஒருவரைக் குடிவைத்துச் சாவியைக் கொடுத்த நாளிலிருந்து, வீட்டைக் கையில் வைத்துப் புழங்கும் நிலை அவருக்குப் போய்விடுகிறது. பத்திரங்களில் இதைத்தான் சுவாதீனம் என்று எழுதுவார்கள். வாடகை நின்றுபோனால் சுவாதீனம் தானாக உங்களிடம் திரும்பிவிடாது. ஒன்று, அவராகக் காலி செய்து சாவியைத் தர வேண்டும். இல்லையென்றால் நீதிமன்றம் உத்தரவிட வேண்டும்.

கோபத்தில் பலர் செய்வது இதற்கு நேர் எதிரானது. அவர் வெளியே போயிருக்கும்போது வேறு பூட்டுப் போடுவது, தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, சாமான்களைத் தெருவில் வைப்பது. பாக்கி எத்தனை லட்சம் இருந்தாலும் இவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்று வாடகைச் சட்டமே சொல்கிறது. நிறுத்தினால் குடியிருப்பவர், இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் போய் அவற்றைத் திரும்பப் பெறலாம். வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர், 1963-ம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டப்படி (Specific Relief Act) ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடியும் உள்ளே வரலாம். அந்த வழக்கில், வீடு யாருடையது என்ற கேள்வியே முக்கியமில்லை. அதாவது, வாடகை வர வேண்டிய நீங்கள் எதிராளியாக நிற்கப் போகிறீர்கள்.

போலீஸுக்குப் போனால் என்ன என்று கேட்பார்கள். மிரட்டல், அடிதடி என்றால் கண்டிப்பாகப் போக வேண்டும். ஆனால் வாடகை பாக்கி சிவில் விவகாரம். வீட்டைக் காலி செய்ய வைக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை.

இன்னொரு பயமும் பரவலாக இருக்கிறது: பன்னிரண்டு வருடம் குடியிருந்துவிட்டால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும் என்பது. எங்கள் தெருவில் இதற்குப் பயந்தே வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. பன்னிரண்டு வருடக் கணக்கு, உரிமையாளரை எதிர்த்து, அவருடைய இடத்தைத் தனதென்று வெளிப்படையாக வைத்திருப்பவருக்கு. வாடகைக்கு வந்தவர் உங்கள் அனுமதியோடு உள்ளே வந்தவர். வாடகைதாரராக இருந்துகொண்டே, தன்னைக் குடிவைத்தவருக்கு உரிமை இல்லை என்று அவர் வாதாடவும் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே அந்தப் பயத்தை விட்டுவிடலாம். ஆனால் அவர் வாடகைக்கு வந்தவர்தான் என்பதைக் காட்ட உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும்.

இப்போது இருக்கும் சட்டம்

1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதினைந்து இருபது வருடம் இழுத்த வழக்குகளை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக, வீட்டுக்காரர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வீடு, கடை இரண்டுக்கும் பொருந்தும்.

இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்று அரசு நடத்தும் இணையதளத்தில் விண்ணப்பித்தால் ஒரு பதிவு எண் தருவார்கள். "பதினோரு மாதத்துக்குத்தானே எழுதியிருக்கிறோம், பதிவு தேவையில்லை" என்பது இன்றும் புரோக்கர்கள் வாயில் வரும் வாசகம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற வேறொரு சட்டத்தின் விதியிலிருந்து வந்த பழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு தனி. அதற்குப் பதினோரு மாதக் கணக்கு கிடையாது. இப்படிப் பதிவு செய்யாத ஒப்பந்தத்தைப் பிறகு சான்றாகக் காட்டச் சட்டமே தடை வைத்திருக்கிறது. பிரச்சினை வந்த அன்றைக்கு இந்தத் தடை உங்களைத்தான் முதலில் கடிக்கும். அதனால் கையெழுத்துப் போட்ட கையோடு பதிவு செய்துவிடுங்கள்.

சரி, எழுத்தே இல்லாமல் குடிவைத்தவர்கள் என்ன செய்வது? எங்கள் நிலைமை அதுதான். வழி அடைபட்டுவிடவில்லை. இருவருக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் ஏற்படவில்லை என்பதையே, வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்றாகச் சட்டம் வைத்திருக்கிறது. ஆனால் நேராக வழக்குக்குப் போகுமுன், இப்போதாவது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாத வாடகையும் மற்ற கட்டணங்களும் பாக்கி இருந்து, அதைக் கேட்டு நீங்கள் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுவதும் கட்டவில்லையென்றால், வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். தாமதத்துக்கான வட்டியையும் சேர்த்தே அவர் கட்ட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக அவரை வெளியேற்ற முடியாது. இது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். தடுமாறி எழுந்தவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். அதே சமயம் இந்தச் சலுகையை ஒருவர் விளையாட்டாக்கவும் முடியாது. ஒருமுறை இப்படித் தப்பியவர் பிறகு ஒரே வருடத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால் மறுபடி இந்தச் சலுகை கிடைக்காது.

நோட்டீஸை எப்படிச் சேர்ப்பது என்பதற்கும் முறை இருக்கிறது. தபாலில் அனுப்பலாம். அவரிடமே நேரில் கொடுக்கலாம். அவர் இல்லையென்றால் வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். எதுவும் முடியாதபோது வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். தபாலில் போனதற்கும் சேர்ந்ததற்கும் ஆதாரம் வேண்டும். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால் இப்போது ஸ்பீட் போஸ்ட்தான். வாட்ஸ்அப்பில் "வாடகை எப்போ?" என்று அனுப்பியதை நம்பி இருக்காதீர்கள். நோட்டீஸில் எந்தெந்த மாதம், எவ்வளவு ரூபாய், எத்தனை நாளுக்குள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் மட்டுமாவது வக்கீலிடம் போங்கள். நோட்டீஸில் மாதக் கணக்கு தப்பினால் பின்னால் மனுவே ஆட்டம் காணும்.

கட்டணத்துக்குப் பயப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வாடகையை நம்பி வாழும் அம்மாக்கள், பாட்டிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களில் பலருக்கு இது தெரியாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். வழக்குப் போடுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் இருவரையும் உட்கார வைத்துப் பேசவும் அங்கே கேட்கலாம். அங்கே ஒத்துக்கொண்டு எழுதியது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது.

அட்வான்ஸ் எத்தனை நாள் தாங்கும்?

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகியவர்களுக்கு, "அட்வான்ஸ் இருக்கிறதே, கழித்துக்கொள்ளலாம்" என்ற தெம்பு உண்டு. 2017 சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸுக்கு அளவாக வைத்திருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 27,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வாடகை நாள். ஜனவரி வரவில்லை, பிப்ரவரியும் வரவில்லை. நீங்கள் கொஞ்சமும் தாமதிக்காமல் பிப்ரவரி ஆறாம் தேதியே நோட்டீஸ் கொடுக்கிறீர்கள். ஒரு மாதக் கெடு முடிவதற்குள் மார்ச் வாடகை நாளும் வந்துவிடும். பாக்கி 27,000. மிக வேகமாக நடந்துகொண்ட வீட்டுக்காரருக்கே, நீதிமன்றப் படி ஏறும் முன் அட்வான்ஸ் கரைந்துவிட்டது. பெயிண்ட், உடைந்த குழாய், கரன்ட் பில் எதையும் இதில் சேர்க்கவில்லை. அம்மா ஐந்து மாதம் வாயே திறக்கவில்லை. 45,000 ஏறியபோது கைவசம் 27,000.

வாடகை பாக்கியில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் இந்தக் கணக்குதான். உங்களைக் காப்பது அட்வான்ஸ் இல்லை, தேதி. ஐந்தாம் தேதி வரவில்லையென்றால் ஆறாம் தேதி பேச வேண்டும்.

ஆறாம் தேதி என்ன பேசுவது

நமக்குப் பணம் கேட்கக் கூச்சம். அதிலும் ஒரே கூரையின் கீழ் இருப்பவரிடம், பொங்கலுக்குப் பொங்கல் கொடுத்து வாங்கும் வீட்டில். ஆனால் முதல் மாதத்தில் கேட்பதுதான் மரியாதையாகக் கேட்கக்கூடிய கடைசி வாய்ப்பு. "என்னங்க, இந்த மாசம் வாடகை வரலையே, ஏதாவது சிரமமா?" என்று கேட்க முடியும். ஐந்தாவது மாதத்தில் அந்தக் குரல் வராது. அதுவரை உள்ளே புழுங்கியதெல்லாம் சேர்ந்துதான் வரும். அவரும் படியிறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்திருப்பார்.

கேட்டால், அவரால் முடியவில்லையா, மனமில்லையா என்பது பெரும்பாலும் முதல் பேச்சிலேயே தெரிந்துவிடும். முடியாதவர் விவரம் சொல்வார்: சம்பளம் நின்றது, ஆஸ்பத்திரிச் செலவு, வேலை தேடுகிறேன். மனமில்லாதவர் வீட்டில் குறை சொல்ல ஆரம்பிப்பார். குழாய் ஒழுகுகிறது, சுவர் ஓதம் அடிக்கிறது என்று. இங்கே ஒரு எச்சரிக்கை: குழாய் உண்மையிலேயே ஒழுகினால் உடனே சரி செய்துவிடுங்கள். வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்யாமல் வாடகையை மட்டும் கேட்டால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

முடியாதவருக்குத் தவணை கொடுங்கள். ஆனால் எழுதிக்கொள்ளுங்கள். "ஜனவரி வாடகை 9,000-ஐ மூன்று தவணையாக, இன்ன தேதிகளில், மாத வாடகையோடு சேர்த்துத் தருகிறேன்" என்று ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். அவர் பாதிப் பணம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று ரசீதில் குறியுங்கள். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துக் கெடுவும் முடிந்த பிறகு புதிய மாத வாடகையை வாங்கும்போது மட்டும் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி வாங்கினால் நோட்டீஸையே நீங்கள் கைவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு.

ரசீது என்றதும் சில வீட்டுக்காரர்களுக்கு வருமான வரி நினைவு வரும். அதனாலேயே ரொக்கமாக வாங்கி, ரசீதும் கொடுக்காமல் இருப்பார்கள். ரசீது கொடுப்பது உங்கள் சட்டக் கடமை. வரியைப் பொறுத்தவரை, வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கே தொடங்குகிறது. சிறிய வாடகை மட்டுமே வருமானமாக உள்ள பலருக்கு வரியே வராது. ரொக்கத்தில் மறைத்த வாடகைக்கு நாளைக்கு பாக்கி என்று எதைக் காட்டுவீர்கள்? வங்கியிலோ ஜிபேயிலோ வாங்குங்கள். குறிப்பில் "மார்ச் வாடகை" என்று போடச் சொல்லுங்கள்.

பாக்கியின் முதல் அறிகுறி சில சமயம் வாடகையிலேயே தெரியாது, கரன்ட் பில்லில் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லை அவர் கட்டாமல் விட்டால் உங்கள் பெயரில் இருக்கும் இணைப்பில் பாக்கி ஏறும். இணைப்பு எண்ணை வைத்து ஆன்லைனில் பார்த்துவிடலாம். நான் இப்போது அம்மாவுக்காக இதைத் தவறாமல் பார்க்கிறேன்.

குடிவைக்கும் முன்

டூ-லெட் போர்டு மாட்டும் வீடுகளில் முதல் கேள்வி என்ன ஜாதி, கறி சாப்பிடுவீர்களா என்பதாக இருக்கிறது. இது மனிதரை அவமதிக்கும் கேள்வி. வாடகை ஒழுங்காக வருமா என்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கேட்க வேண்டியது வேறு. என்ன வேலை, எவ்வளவு வருமானம், இந்த வாடகை அதில் எத்தனை பங்கு? மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நல்லவரும் தடுமாறுவார். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் போன் எண்ணை வாங்கிப் பேசுங்கள். இப்போது இருக்கும் வீட்டுக்காரர், ஆளை அனுப்பினால் போதும் என்று புகழக்கூடும். அதற்கும் முந்தைய வீட்டுக்காரர் உள்ளதைச் சொல்வார்.

ஒப்பந்தத்தில் வாடகை, அட்வான்ஸ், வாடகை நாள் இவற்றை எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது இவைதான்: தாமதமானால் எவ்வளவு வட்டி, மெயின்டனன்ஸும் தண்ணீர்க் கட்டணமும் யார் பொறுப்பு, வேறொருவரை உள்ளே வைக்கக்கூடாது என்பது, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு. கெடு முடிந்தும் வெளியேறாமல் இருப்பவரிடம் இரண்டு மடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்கவும் 2017 சட்டத்தில் வழியிருக்கிறது. ஆனால் ஒப்பந்தத் தேதிகள் தெளிவாக இருந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

சாவி வாங்கிய கதை

ஜெராக்ஸ் கடைக்காரர் விஷயம் நீதிமன்றம் போகவில்லை. அம்மாவும் நானும் அவரும் அவர் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். அவர் சொந்த ஊருக்குப் போய்விட நினைத்திருக்கிறார். பாக்கியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கியிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே கூச்சம்! அட்வான்ஸில் மூன்று மாதம் கழிந்தது. மீதி இரண்டு மாதத்தில் ஒன்றை அம்மா விட்டுக்கொடுத்தார். இன்னொன்றை நான்கு தவணையில் அனுப்புவதாக அவர் எழுதிக் கொடுத்தார். பதிலாக, இருபது நாளில் சாவி.

விட்டுக்கொடுத்தது தப்பு என்று உறவினர் சிலர் சொன்னார்கள். வழக்கு நடந்திருந்தால் அது முடியும்வரை மாடியிலிருந்து வாடகை வந்திருக்காது. சீக்கிரம் கிடைக்கும் சாவிக்காக ஒரு மாத வாடகையை விடுவது நஷ்டமில்லை என்பது என் எண்ணம். எல்லோரிடமும் இது நடக்காது. பேச வராதவரிடமும் மிரட்டுபவரிடமும் நோட்டீஸ்தான் பேச வேண்டும். ஒருவர் பாக்கி வைத்துவிட்டுச் சொல்லாமலே காலி செய்து போய்விட்டாலும் கதை முடிந்துவிடாது. ஒவ்வொரு மாத வாடகையும் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வசூலுக்கு வழக்குப் போடலாம்.

சாவி கைமாறிய அன்று மின்மீட்டரில் எண்ணைப் படம் எடுத்தோம். ஒவ்வொரு அறையையும் அவர் கண்முன்னே படம் பிடித்தோம். "இன்று வீட்டின் சுவாதீனத்தை ஒப்படைத்துவிட்டேன், சாவிகள் இரண்டும் கொடுத்துவிட்டேன்" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டார். அட்வான்ஸில் மீதி ஏதாவது இருந்தால் அதை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டியது வீட்டுக்காரர் கடமை. எங்களிடம் மீதி இல்லை. எதற்கு எவ்வளவு கழித்தோம் என்று கணக்கெழுதி அவரிடம் ஒரு பிரதி கொடுத்தோம். நான்கு தவணையும் வந்து சேர்ந்தன. கடைசித் தவணை வந்த அன்று அவர் மனைவி போனில் அம்மாவின் சர்க்கரை அளவை விசாரித்தார்.

அடுத்து வந்தவர்கள் ஒரு ஆசிரியத் தம்பதி. ஒப்பந்தத்தைப் பதிவு செய்து எண் வாங்கிய பிறகுதான் அம்மா சாவியைக் கொடுத்தார்.